பொறுப்பாளர் படம்

ரத்தத்தைக் கழுவக்கூட இல்லை, அதன் மேலேயே பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். தகடு வெட்டும் மூன்றாம் பிரஸ் மெஷின் முன்னால் நின்ற போட்டோக்காரர் அந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

போட்டோக்காரர் என்ற பட்டப்பெயர் அவருக்கு வந்தது போன வருஷம். தகடு வெட்டும் அந்தக் கம்பெனிக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று ஒரு ஆள் வேண்டுமாம், சட்டம் கேட்கிறதாம். இருப்பதிலேயே வாயில்லாப் பூச்சியாகப் பார்த்து முதலாளி இவரைப் பிடித்தார். மஞ்சள் தொப்பி மாட்டிப் படம் எடுத்து வாசல் பலகையில் தொங்கவிட்டார்கள். அதிகாரம் ஒன்றும் கூடவில்லை, கேலிதான் கூடியது. மனைவி மட்டும் சொந்தக்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவாள்.

பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் வேலை பாதிதான் நடக்கும். அதனால் தினமும் காலையில் சூப்பர்வைசர் மிட்டாய் கொடுப்பதுபோல ஆளுக்கொரு சைக்கிள் டியூப் துண்டு கொடுப்பார். இடது பொத்தானை அமுக்கிக் கட்டிவிட்டால், தகடு தள்ள இடது கை சும்மா கிடைக்கும். சாயங்காலம் துண்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார். கட்டமாட்டேன் என்றவன் மறுநாள் கேட்டைத் தாண்ட முடியாது.

அப்படிச் சும்மா கிடைத்த கையில்தான் மச்சினனுக்கு நாலு விரல் போனது. மனைவியின் தம்பி, இவர் சொல்லித்தான் வேலைக்கு வந்தவன்.

நேற்று சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார். தொழிற்சாலை ஆய்வு அதிகாரி அம்மா நாளை மத்தியானம் விபத்தை விசாரிக்க வருகிறார், 'நான்தான் ரப்பரைக் கட்டச் சொன்னேன்' என்று நீர் சொல்லிவிடும் என்றார். சொன்னால் மச்சினனுக்கு வாட்ச்மேன் வேலை உண்டு, இல்லாவிட்டால் இரண்டு பேரும் வெளியே.

"முதலாளி மேல கேஸுன்னா கம்பெனியையே மூடணும். உம்ம மேலன்னா ஒரு ஆளோட போயிடும்யா" என்று அக்கறையாகச் சொன்னார்.

இவர் தலையாட்டினார்.

சூப்பர்வைசர் குடித்த டம்ளரை மனைவி திரும்பத் திரும்பத் தேய்த்தாள். "என் தம்பி கையைத் தின்னுட்டு, இப்ப உங்க தலையைக் கேக்கறானுங்க. நீங்களும் தட்டுல வச்சுக் குடுங்க" என்றாள். இரண்டு வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே என்று இவர் முனகினார். தன் குரலே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் வரவேண்டிய அதிகாரி அம்மா காலையிலேயே வந்துவிட்டார். அதுவும் முன்வாசலில் அல்ல, கழிவுத் தகடு ஏற்றும் பின்கேட் வழியாக. சூப்பர்வைசர் குனிந்தபடி பிரஸ்ஸுக்குப் பிரஸ் ஓடி, டியூப் துண்டுகளைப் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். எல்லாரும் இரண்டு கையால் ஓட்டத் தொடங்கினார்கள். தடதடவென்று இருந்த சத்தம் சட்டென்று தளர்ந்தது.

இங்கே பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று அந்த அம்மா கேட்டார். சூப்பர்வைசர் இவரை முன்னால் தள்ளினார்.

"இவர்தாம்மா. வாசல்ல படமே இருக்கு. முதலாளிக்கு இந்தப் பொத்தான் கித்தான்லாம் எதுவுமே தெரியாது."

இவர் வாயைத் திறந்தார். "நாந்தான்மா..."

மாடியில் முதலாளி அறையின் கண்ணாடி ஜன்னல் சரேலென்று திறந்தது. தலை தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அந்தம்மா மத்தியானம்தானே வருது? அதுக்குள்ள எவன்டா ரப்பரைக் கழட்டினது? சத்தம் செத்துக் கிடக்கு. மாட்டுங்கடா."

ஜன்னல் மூடிக்கொண்டது. ஒரு பிரஸ்கூட ஓடவில்லை. கண்ணைப் போனில் வைத்துக் காதை மட்டும் கீழே வைத்திருக்கும் மனிதர், எதுவுமே தெரியாதவர். மூலையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

அதிகாரி அம்மா மாடியிலிருந்து கண்ணை இறக்கினார். "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

இப்போதுகூட நான்தான் என்று சொல்லலாம். வேலை மிஞ்சும். பின்னாலிருந்து சூப்பர்வைசர் இடுப்பைக் கிள்ளினார்.

"அந்தப் படத்துல இருக்கறவன் நாந்தான்மா. ரப்பர் யாரு போடச் சொல்றதுன்னு உங்க காதுலயே விழுந்துடுச்சு. தினம் அதை எடுத்துக் குடுக்கறவரு, இதோ, என் இடுப்பைக் கிள்ளிட்டு நிக்கறாரு. அவரு பையைப் பாருங்க."

விஷயம் எட்டியிருக்க வேண்டும். முதலாளி படியிறங்கி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டபடி. அவர் இரண்டு கையையும் ஒருசேர வைத்து அந்தக் கம்பெனியில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. பத்து விரலும் பத்திரமாக இருந்தன.

போட்டோக்காரர் பின்கேட் வரை போய், குமட்டி வந்த எச்சிலைத் துப்பிவிட்டு, விசாரணைக்குத் திரும்பி வந்தார்.