இருவர் காதில் ஒரு கதை

என் வலது காதில் ஒன்று, சீதாலட்சுமியின் இடது காதில் ஒன்று. எட்டு மாதமாக, வாரத்தில் மூன்று நாள், இப்படித்தான் நாங்கள் கதை கேட்டுவந்தோம். கூலிம் டயாலிசிஸ் நிலையத்தில் எனக்கு ஏழாம் எண் நாற்காலி, அவளுக்கு எட்டு. எனக்கு இடது கையில் ஊசி, அவளுக்கு வலது கையில். ஊசி ஏறாத கைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் ஒரே இயர்போன் ஒயர் இரண்டு பேருக்கும் எட்டியது. கை மாறியிருந்தால் நடுவில் இரத்தக் குழாய்கள் ஓடியிருக்கும், கதையும் ஓடியிருக்காது, பேச்சும் ஓடியிருக்காது. இன்று புதன்கிழமை. எட்டாம் எண் காலியாக இருக்கிறது.

கதை கேட்கும் ஆசாமி அல்ல நான். படிக்கிற ஆசாமி. எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை முப்பது வருஷம் ஓட்டியபோதும், மில் வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்தில் ஸ்டேரிங் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தவன். சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, பிறகு கிட்னிக்குப் போனது. எழுத்தெல்லாம் எறும்பாகி, எறும்பும் கலைந்து வெறும் தாளானது. ஹைடெக் பூங்காத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மகள் ரூபினிதான் போனில் ஒலிப்புத்தகங்களை ஏற்றிக் கொடுத்தாள். “அப்பா, நடுவுல பெருசா ஒரு உருண்டை இருக்கும். அதைத் தொட்டா படிக்கும், மறுபடி தொட்டா நிக்கும். வேற எதையும் தொடாதீங்க” என்றாள். சின்னப்பிள்ளைக்கு நிலாச்சோறு ஊட்டுவதுபோல் எவளோ ஒருத்தி எனக்குக் கதை படித்துக் காட்டுவதா என்று இரண்டு வாரம் அதைத் தொடவேயில்லை. நாலு மணி நேரம் கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் அலுப்பு என்னைவிடப் பெரிய பிடிவாதக்காரன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாவது அத்தியாயத்தில் பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “என்னாண்ணே, தனியா சிரிக்கிறீங்க? பாட்டா?”

“பாட்டில்ல, கதை.”

“கதையா? யாரு சொல்றா?”

கராங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள் சீதாலட்சுமி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அம்மாவோடு மரத்துக்குப் போனவள். வயது ஐம்பத்தாறு. மகனுக்கு வெளியூரில் வேலை. மருமகள் சாந்தினியோடு தோட்ட வீட்டில் இருந்தாள். மாமியாரும் மருமகளும் அக்கா தங்கச்சி மாதிரி சண்டை போட்டுக்கொள்வார்கள். நான் ஒரு பக்கத்தைக் கழற்றி நீட்டினேன். அவள் அதை முந்தானையில் துடைத்து, முதலில் தலைகீழாகச் செருகி, பிறகு சரியாகச் செருகினாள். அன்று மெஷின் கூவியபோதுதான் நேரம் முடிந்தது எங்களுக்குத் தெரிந்தது.

இதுவரை நான்கு புத்தகம் முடித்தோம். துப்பறியும் கதையில் கொலைகாரனை அவள் மூன்றாம் நாளே பிடித்துவிட்டாள். “அந்தக் கணக்குப்புள்ளைதான். ரொம்ப நல்லவனா இருக்கான்ல, அவன்தான்.” சமையல்காரர் கதையை அவளால் தாங்க முடியவில்லை. தேங்காய்ப்பால், வாழைப்பழம், தக்காளி ரசம் என்று அந்தப் புத்தகம் முழுக்க எங்களுக்கு ஆகாத பண்டங்கள். “எழுதுனவனுக்கு நல்ல கிட்னிண்ணே” என்றாள். ராஜா கதையில் இரண்டு பேரும் தூங்கினோம். நான்காவதில் ஒருத்தி கிணற்றடியில் குடத்தைச் சாய்த்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். நாளுக்கு அரை லிட்டரைக் கோடு போட்ட புட்டியில் அளந்து குடிக்கும் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் அதைக் கேட்டோம். “அந்த எடத்த இன்னொரு தடவ போடுங்கண்ணே” என்றாள். கதையைப் பின்னால் நகர்த்த எனக்குத் தெரியாது. இல்லையென்றால் நானும் போட்டிருப்பேன்.

ஐந்தாவது புத்தகம்தான் பவளத்தின் கதை. பிழைக்க வழியில்லாமல் தன் கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுப் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறவள் பவளம். பதினோரு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறாள். இந்தக் கதை தொடங்கிய நாளிலிருந்து சீதாலட்சுமி கேலி பேசவில்லை. யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை. ஒருமுறை மட்டும், “புள்ளைக்கு அடையாளம் தெரியுமாண்ணே?” என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். ஏன் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. எட்டு மாதம் பக்கத்தில் படுத்திருந்தும் கேட்காமல் விட்டவை நிறைய இருக்கின்றன.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் இல்லாமல் மற்றவர் கேட்கக் கூடாது. போன் என்னுடையது, அதனால் சட்டம் எனக்கு மட்டும்தான். வீட்டில் எத்தனையோ மத்தியானங்கள் சும்மா கிடந்தும் பவளத்தை நான் தொட்டதில்லை.

போன புதன்கிழமை பவளம் அக்கா வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டக் கையை உயர்த்தினாள். அத்தியாயம் முடிந்தது. மெஷினும் கூவியது. நர்ஸ் மிஸ்ஸி நோரா ஊசியை உருவும்போது சீதாலட்சுமி என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, வெள்ளிக்கெழம எங்க தோட்டத்துல திருவிழா. பால்குடம் எடுக்கணும்.”

“இங்க வரணுமேலா.”

“அதான் யோசிக்கிறேன். முப்பது வருசமா விடாம எடுக்கிறேன். சனிக்கெழம மாத்திக் கேட்டேன், எடம் இல்லங்குறாங்க. ஒரு தடவ உட்டா என்னா ஆவப்போவுது. ஆனா...” என்று இழுத்தாள். “நான் இல்லாத அன்னைக்கி நீங்க கேட்டுருவீங்களே.”

அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஆனால் குரல் தெரியும். அவளைத் தடுத்துக்கொண்டிருந்தது இரத்தமும் இல்லை, மிஸ்ஸியின் மிரட்டலும் இல்லை. அந்த மூடிய கதவு மட்டும்தான். “ஆமா, கேப்பேன். முடிச்சிட்டு மறந்துருவேன். வேணும்னா வந்து சேருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பால்குடத்தை மருமகள் தலையில் ஏற்றிவிட்டு வேன் ஏறி வந்திருப்பாள். எனக்கோ பெரிய மனுஷன் ஆக வேண்டியிருந்தது.

“சத்தியமா கேக்க மாட்டேன். நீங்க போய் சாமியப் பாத்துட்டு வாங்க. கதை எங்க ஓடிடப் போவுது?”

“நெசமாவா?”

“நெசமாலா.”

சிரித்துக்கொண்டே போனாள். வெள்ளிக்கிழமை நான் உருண்டையைத் தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்ற மிதப்போடு நாலு மணி நேரம் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

திங்கட்கிழமையும் அவள் வரவில்லை. இங்கே ஒரு வழக்கம் உண்டு. நாற்காலி காலியாக இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அடுத்த தடவை வந்தால் வந்தார், இல்லையென்றால் அந்த இடத்துக்குப் புது ஆள் வருவார். அவ்வளவுதான். நான் வழக்கத்தை மீறி மிஸ்ஸியிடம் கேட்டேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். பிறகு சாந்தினிக்குப் போன் செய்தேன். வெயிலில் பால்குடம் எடுத்து வந்த மாமியாருக்குத் தோட்டத்து ஆட்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தார்களாம். ஒன்றல்ல, இரண்டு. அப்புறம் பானகம், மோர். எட்டு மாதம் அளந்து குடித்தவள் அன்று அளக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூச்சு வாங்கியிருக்கிறது. நுரையீரலில் தண்ணீர். பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் இருக்கிறாளாம்.

இன்று காலை எனக்கு ஊசி ஏற்றி அரை மணி நேரத்தில் சாந்தினி கூப்பிட்டாள்.

“மாமா, அத்தை முழிச்சிருக்காங்க. மாஸ்க் போட்டிருக்கு, ரொம்ப பேச முடியல. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க.”

“சொல்லும்மா.”

“ஏதோ கதையாம். கதவு தொறந்துச்சான்னு கேக்கச் சொன்னாங்க. நீங்க கேட்டுட்டு என்கிட்ட சொல்லுங்க, நான் அவங்க காதுல சொல்லிர்றேன்.”

முடிவைத் தனியாகக் கேட்டுச் சொல்லச் சொல்கிறாள் என்றால், வந்து கேட்கும் எண்ணம் அவளுக்கு இல்லை என்றுதானே அர்த்தம்? “சொல்ல முடியாதும்மா” என்றேன். குரல் என்னையறியாமல் உயர்ந்துவிட்டது. “வந்து கேக்கச் சொல்லு. நான் இன்னும் கேக்கலன்னு சொல்லு. காத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லு.”

சாந்தினி “சரி மாமா” என்று வைத்துவிட்டாள். அந்தச் ‘சரி’யில் அழுகை இருந்தது.

கதை பாக்கியிருந்தால் ஆள் போக மாட்டாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. பைத்தியக்காரத்தனம். பத்து நிமிஷம் அந்தப் பைத்தியத்தோடு தெம்பாகக் கிடந்தேன். அப்புறம் வந்தது பயம். கேட்காமலே போய்விட்டால்? கடைசியாக ஒன்று கேட்டாள், அதையும் நான் சட்டம் பேசி மறுத்துவிட்டேன் என்றாகிவிடாதா? அவள் கூப்பிட்ட நம்பரைத் தடவித் தடவி அழுத்தினேன். சாந்தினி எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். எடுக்கவில்லை. எழுந்து ஓடலாம் என்றால் என் இரத்தம் பாதி மெஷினுக்குள் இருக்கிறது. இடது கையைக் கொஞ்சம் அசைத்ததற்கே மெஷின் கூவி, மிஸ்ஸி நோரா ஓடி வந்து, “அங்கிள், ஜாங்கான் கெராக்!” என்று அசையக் கூடாதென அதட்டினாள். அசையாமல் கிடப்பதைத் தவிர இந்த நாற்காலியில் வேறு எதற்கும் வழியில்லை.

சரி, கேட்டுவிடுவோம். கதவு திறந்ததா இல்லையா, அது தெரிந்தால் போதும். சொல்லிவிடலாம். வலது காதில் செருகினேன். மற்றதை எங்கே வைப்பது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில் கையை நீட்டி எட்டாம் எண் நாற்காலியின் கைப்பிடியில் வைத்தேன். நடுவில் இருந்த உருண்டையைத் தொட்டேன்.

பவளம் கையை உயர்த்தினாள். ஆனால் தட்டவில்லை. படிக்கும் பெண் அந்த வீட்டுத் தாழ்வாரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். மழை ஈரம், ஒரு ஜோடி சின்னச் செருப்பு, கொடியில் காயும் பாவாடை. பாவாடையின் நீளத்தை வைத்துத் தன் மகளின் உயரத்தைப் பவளம் கணக்குப் போட்டாள். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் வாயைப் பிளந்து கேட்டிருப்போம். இன்று எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. தட்டித் தொலையேன் பெண்ணே! வேகமாக ஓட்டலாம், தாவிப் போகலாம் என்று ரூபினி சொல்லியிருக்கிறாள். எங்கே தொடுவது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. வேறெங்காவது பட்டுக் கதை அழிந்துவிட்டால் என்ன செய்வேன்? ரூபினி இந்நேரம் போனை வெளியே பெட்டியில் பூட்டிவிட்டு வேலைக்கூடத்துக்குள் போயிருப்பாள். மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது. அவளிடம் என்னவென்று சொல்வேன்?

படிக்கும் பெண்ணுக்கு அவசரம் இல்லை. பவளம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உள்ளே யாரோ பாத்திரத்தை வைக்கும் ஓசை கேட்டது. கொலுசு போலவும் கேட்டது. பவளம் விரலை மடக்கினாள்.

அந்த இடத்தில் குரல் நின்றது. போன் அடித்தது.

மடியில் வெளிச்சம் தெரிந்தது. பெயர் தெரியவில்லை, சாந்தினியாகத்தான் இருக்கும். பச்சையை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று என் விரலுக்குத் தெரியும். விரல் போகவில்லை. என் காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலியான கைப்பிடியில் கிடந்த மற்றதிலும் அதே மணி, சன்னமாக, விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.