ஏழு ஒன்றுகள்

தேர்வுக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம். ஹாஜிரா நாற்பதாவது நிமிடத்தில் பேனாவை மூடிவிட்டாள். அதுவே குற்றமாகப் போயிற்று.

முத்தியால்பேட்டைப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை ஒன்று காலி. இது இல்லையென்றால் அவள் படித்த பி.எஸ்ஸி. வீட்டோடுதான், வெளியூர் வேலைக்கு அத்தா அனுப்ப மாட்டார். எழுதியவர்கள் இரண்டு பேர், அவளும் சந்திரகலாவும். கடைசிக் கேள்வி: 1111111 பகா எண் என்று நிறுவுக.

தலைமையாசிரியர் சாமிக்கண்ணு விடைத்தாளை அவள் முன் வீசினார்.

"மீதியை மட்டும் எழுதி வெச்சிருக்க. பெருக்கிக் கழிச்ச வரியெல்லாம் எங்கம்மா? கேள்வி முன்னாடியே கெடச்சிதா?"

"பிரெஞ்சு கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சார் சொல்லிக் குடுத்தாங்க. கழிக்கிறது மனசுலயே."

"பிரெஞ்சுக்காரன் போயி மூணு வருஷமாச்சு. அவன் கணக்கயும் கப்பல்ல ஏத்தி உட்டிருக்கலாம்ல?"

சந்திரகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் முப்பத்தொன்று வரை வகுத்துப் பார்த்துவிட்டு, "ஆகவே பகா எண்" என்று எழுதியிருந்தாள். அதற்கு முழு மதிப்பெண்.

"நீ எட்டே எட்டு எண்ணால வகுத்திருக்க. மத்ததெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சி?"

"மூணு ஆகாது சார். அத உட்டா, இத வகுக்கிற பகா எண்ல ஒண்ணக் கழிச்சா பதினாலால வகுபடணும். அதான் அந்த எட்டு..."

அவர் கேட்கவில்லை. அவளுடைய கடைசி வரியையும் படிக்கவில்லை. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்.

"சத்தமில்லாம வூட்டுக்குப் போ. காப்பியடிச்சன்னு எழுத மாட்டேன். அடுத்த வருஷம் ஒரு எடம் வருது, பாக்கலாம்."

காப்பி! உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அடுத்த வருஷம் என்ற சொல் வாயைக் கட்டியது. அவள் சான்றிதழ்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் அவர் சந்திரகலாவை அழைத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

தாழ்வாரத்தின் முதல் வகுப்பறையில் அவர் குரல் அவளை முந்திக்கொண்டு கேட்டது. புது டீச்சரைக் காட்டிவிட்டு, கரும்பலகையில் ஏழு ஒன்றுகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இத யாராலயும், எதாலயும் வகுக்க முடியாது. எழுதிக்குங்க."

அத்தனை பெண்களும் தலையைக் குனிந்தார்கள். பென்சில்கள் ஓடத் தொடங்கின. இனி இவர்கள் இதை மனப்பாடம் செய்வார்கள், பரீட்சையில் எழுதுவார்கள், தங்கைகளுக்கும் சொல்லிக் கொடுப்பார்கள்.

ஹாஜிரா உள்ளே நுழைந்தாள்.

"எழுதாதீங்க!"

சாமிக்கண்ணு திரும்பினார். "ஏம்மா, அடுத்த வருஷம்னு சொன்னனே..."

"அடுத்த வருஷமும் இது பகா எண் ஆவாது சார்." கரும்பலகை முன் போய் நின்றாள். "இருநூத்தி முப்பத்தொம்பதால வகுபடும். ஈவு நாலாயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்பது. மீதி பூஜ்யம்."