ஒரு சாண் உயரத்திலிருந்து

மருந்து மூக்குக்குள் போகவில்லை என்பது செல்லத்தாய்க்கு அன்றைக்கே தெரியும். கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் நோட்டில் ‘போட்டாயிற்று’ என்று எழுதினாள்.

1946 ஆவணி மாதம். மதுரையில் ஒரு டாக்டர் இன்புளூயன்சா காய்ச்சலுக்கு ஊசியில்லாத தடுப்புமருந்து செய்துகொண்டிருந்தார். கோழிமுட்டைக்குள் கிருமியை வளர்த்து, வீரியத்தை அடக்கி, மூக்கில் சொட்டுவிடுகிற மருந்து. காய்ச்சல் நுழைகிற வாசலிலேயே காவல் போட வேண்டும் என்பார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த செல்லத்தாய், எழுமலைப் பக்கத்து ஊரில் பெரிய தெரு விவசாயி காசிமாயனின் மகள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். “எங்க ஊர்லயே போட்டுப் பார்க்கலாம்” என்று யோசனை சொன்னதும் அவள்தான்.

பெரிய தெருவில் கம்பவுண்டர் தவசி ஒவ்வொருவர் தாடையையும் பிடித்து அண்ணாந்து பார்க்கவைத்து, கண்ணாடிக் குழாயை மூக்குக்குள் நுழைத்துச் சொட்டு விட்டார். இரண்டு நிமிஷம் தலையை அசையவிடவில்லை. “ஏப்பா சிவனாண்டி, தும்மித் தொலைச்சிராத. டாக்டர் ஒரு மாசம் அடைகாத்த மருந்து” என்று கேலி வேறு.

கூலிக்காரர்கள் தெருவுக்கு வந்ததும் அவர் கை உயர்ந்துவிட்டது. அந்தத் தெருக்காரர்கள் தண்ணீர் கேட்டால், குவித்த கையில் உயரத்திலிருந்து ஊற்றுவது ஊர் வழக்கம். மருந்தையும் அப்படியே விட்டார். ஒரு சாண் மேலிருந்து விழுந்த சொட்டு உதட்டிலும் கன்னத்திலும் தெறித்தது.

“அய்யா, மூக்குக்குள்ள போகலையே, கன்னத்துல வழியுது” என்றாள் முருகம்மாள்.

செல்லத்தாய் குழாயை வாங்கக் கைநீட்டினாள். தவசி குரலைத் தாழ்த்தினார். “பேசாம இரு தாயி. நீ தொட்டேன்னு தெரிஞ்சா, அடுத்த வாரம் ரெண்டாம் தடவைக்குப் பெரிய தெருவுல ஒருத்தன் மூக்கைக் காட்டமாட்டான். உங்க அப்பன் உன்னைய வேலைக்குத்தான் விடுவானா?”

நீட்டிய கை மடங்கியது. “அம்புட்டுப் போதும் முருகம்மா, எந்திரி” என்றாள். படித்த பிள்ளை சொன்னதாயிற்றே; முருகம்மாள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த வாரமும் அதே கை, அதே உயரம், அதே ‘போட்டாயிற்று’.

மார்கழியில் காய்ச்சல் வந்தது. பெரிய தெருவில் நான்கு பேர் படுத்து எழுந்தார்கள். கூலிக்காரர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பாய் விரித்தாகிவிட்டது. “நான் மருந்து போட்டவ, எனக்கு ஒட்டாது” என்று நோயாளிகளுக்குக் கஞ்சி கொண்டுபோன முருகம்மாள் ஐந்தாம் நாள் செத்தாள். அவளோடு இன்னும் இரண்டு பேர்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். “அவங்க உடம்புல சத்து இல்ல. மருந்து அங்க பிடிக்கல. இனி அந்தத் தெரு வேண்டாம்.”

செத்த பிறகும் பழி அவர்கள் உடம்பின் மேல்தான். செல்லத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் பாய்வது? நோட்டில் இருந்தது அவள் கையெழுத்து.

“பிடிக்காமப் போகல சார். போடவே இல்ல. நான் எழுதுனது பொய்.”

நடந்ததைச் சொல்லி முடித்தாள். டாக்டர் நோட்டை மூடி வைத்தார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நான் வந்திருப்பேனேம்மா” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மிச்சமிருந்த ஒரே குப்பியை, சூடு பட்டால் மருந்து வீணாகிவிடும் என்று, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக் கொடுத்தார். காய்ச்சல் இன்னும் தொடாத இருபது பேருக்கு அந்த மருந்து போதும்.

மறுநாள் காலையில் ஊருக்குப் பஸ் ஏறினாள். தவசியை அழைக்கவில்லை. பெரிய தெரு வேடிக்கை பார்க்க, முருகம்மாள் மகள் தங்கப்பொண்ணின் வாசலில் போய் நின்றாள்.

“இந்தத் தடவை நானே உள்ள விடுறேன். அண்ணாந்து பாரு” என்று தாடையைத் தொட்டாள்.

தங்கப்பொண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எங்க ஆத்தாளும் அண்ணாந்துதான் உக்காந்துச்சு. அம்புட்டுப் போதும்னு சொன்னது நீங்கதான?”

“நான்தான். தப்பு.”

“சரி. வழிய விடுங்க, களையெடுக்கப் போகணும்.”

அந்தத் தெருவில் ஒருவரும் முகம் நிமிர்த்தவில்லை. பொழுது சாயும்வரை நின்று பார்த்தாள். பிளாஸ்கைத் திறந்தபோது ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. குப்பி அதில் மிதந்துகொண்டிருந்தது.