தூணின் வேகம்

எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒரு பெரிய சண்டை வரும். அதற்கு நாள் குறிப்பது நாங்கள் இல்லை, கால்பந்து வீடியோ கேம் செய்கிற கம்பெனிக்காரன். புது கேம் எந்த வெள்ளிக்கிழமை வெளியாகிறதோ, அந்த வெள்ளிக்கிழமை என் கணவரும் என் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குள் ராசியாகிவிடுவார்கள். என் சமையலைக் குறை சொல்ல இரண்டு பேருக்கும் துணை வேண்டுமே.

விஷயம் இதுதான். என் கணவர் தொழில்முறைக் கால்பந்து வீரர். உடனே பங்களா, பெரிய கார் என்று கற்பனையை ஓட விடாதீர்கள். இரண்டாம் பிரிவில், பட்டியலின் நடுவுக்கும் அடிக்கும் இடையில் பல வருடமாகக் குடித்தனம் நடத்தும் ஒரு கிளப்பின் டிஃபென்டர். எதிராளியைக் கோல் பக்கம் விடாமல் மறிப்பது அவர் வேலை. ரசிகர்கள் வைத்த பெயர் ‘தூண்’. ஜெயித்த நாளில் அது பாராட்டு. தோற்ற நாளில், நின்ற இடத்தை விட்டு ஆள் நகரவில்லை என்று அர்த்தம்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எந்த வீரருக்கு எவ்வளவு வேகம், எவ்வளவு பலம், பந்தை எப்படித் தட்டுகிறார் என்று மேட்ச் பார்த்து நூற்றுக்கு மார்க் போட்டு அனுப்ப, ஒவ்வொரு லீகுக்கும் அந்த கேம் கம்பெனி ஆள் வைத்திருக்கிறது. எங்கள் லீகுக்கு அந்த ஆள் இவன்தான். சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒரு கேமும் ஒரு தொப்பியும் இலவசம். அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு மழையிலும் கேலரியில் உட்கார்ந்து மார்க் போடுவான். வீட்டில் அவனுக்கு ‘ஜட்ஜ் ஐயா’ என்று பெயர்.

ஜட்ஜ் ஐயா சொந்த அக்கா புருஷனின் வேகத்துக்கு முதல் வருடம் போட்டது ஐம்பத்திரண்டு. அதற்குப் பிறகு வருடா வருடம் இறங்குமுகம்தான். போன வருடம் நாற்பத்தொன்று. அதே கிளப்பின் கோல்கீப்பருக்கு நாற்பத்து நான்கு! கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்கிற மனிதரைவிட என் கணவர் மெதுவாம். அன்றைக்கு நான் வாயை அடக்கவில்லை.

“டேய், ஒரு பத்து மார்க் ஏத்திப் போட்டா உன் சொத்து கரைஞ்சிடுமா?”

“அக்கா, லிஃப்ட்ல எட்டு பேர்னு எழுதியிருந்தா எட்டு பேர்தான். சொந்தக்காரங்க வந்திருக்காங்கன்னு பன்னெண்டு பேரை ஏத்த முடியுமா?”

இப்படிப் பேசுகிறவனிடம் என்ன செய்வது? பதிலுக்கு அவன் தட்டில் குழம்பைக் குறைத்து ஊற்றினேன். பதினோரு வருடமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒரு மார்க் கூட ஏறவில்லை.

இந்த வருடம் கதை வேறு. டிவியில் மாட்டி கேம் ஆடுகிற மெஷின், அந்த கன்சோலே புதிதாக வருகிறது, அதில் ஓடுகிற கேமும் புதிது என்று பேச்சு. சீசன் நடுவில் கேமராக்கள் நிறைந்த ஒரு வேன் கிளப்புக்கு வந்தது. எல்லா வீரர்களையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துப் போனார்கள். புது மெஷினில் ஒவ்வொருவருக்கும் அவரவர் முகமே இருக்குமாம்.

இது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால்தான் புரியும். பழைய கேமில் பெரிய கிளப் வீரர்களுக்குத்தான் சொந்த முகம். எங்களைப் போன்ற சின்ன கிளப்புகளுக்கு நாலைந்து ரெடிமேட் முகங்களைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். என் கணவருக்குக் கிடைத்தது வழுக்கைத் தலை. இவருக்குத் தலை நிறைய முடி! எங்கள் மகளுக்கு ஒன்பது வயது, குட்டி என்று கூப்பிடுவோம். அவள் அந்த வழுக்கையைப் பார்த்து, “இது அப்பா இல்ல. அப்பா சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்ட யாரோ” என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். இவர் சிரித்தார், ஆனால் மனதில் வைத்துக்கொண்டார்.

சொந்த முகம் வரப்போகிற வருடத்திலா முழங்கால் தகராறு செய்ய வேண்டும்? பாதி சீசன் பெஞ்சில் போயிற்று. ஒப்பந்தமும் முடிந்தது. இன்னொரு வருடம் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு, “பார்த்துச் சொல்றோம்” என்றார் கிளப் மேனேஜர். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் இவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும். முடிந்துவிட்டதா, இல்லையா? அதை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கோச் முதுகில் தட்டுகிறார். டாக்டர் “பார்க்கலாம்” என்கிறார். நான் எதுவும் கேட்காமல் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கிறேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் கன்சோல் வந்தது. அட்டைப்பெட்டியைப் பார்த்தால் குட்டியையே உள்ளே உட்கார வைக்கலாம். முட்டி வலியோடு அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினார். டிவி ஸ்டாண்டில் மெஷின் நுழையவில்லை. நடுப்பலகையைக் கழற்றினார். பிறகு அந்தப் பலகையை எங்கே வைப்பது என்று கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். பழைய கன்சோல் போட்டால் மிக்ஸி ஓடுகிற மாதிரி இரையும். இது மூச்சுக்கூட விடவில்லை. கேம் இறங்கி முடிய நேரமாகும் என்று திரையில் வந்தது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பாத்ரூமில் ஷேவ் செய்துகொண்டிருக்கிறார்!

“என்னங்க, டிவி உங்களைப் பார்க்கப் போகுதா, நீங்க டிவியைப் பார்க்கப் போறீங்களா?”

“சும்மா இரு நீ. ஒரு மரியாதைக்கு.”

கேம் இறங்கியது. குட்டி கிளப்பைத் தேடிப் பிடித்தாள். வீரர்கள் வரிசையாக மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள். நாலாவது ஆள் இவர். இடது புருவத்து வெட்டுத் தழும்பு, விறைத்துக்கொண்டு நிற்கிற அந்தப் பெரிய காதுகள், சீவினாலும் படியாத முடி, எல்லாம் அப்படியே. குட்டி எழுந்து போய்த் திரையில் அவர் காதைத் தொட்டாள். இவர் கை தன் காதுக்குப் போயிற்று. நான் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

ஆட்டம் தொடங்கியது. எதிரணியில் ஒரு பொடியன் பந்தைத் தட்டிக்கொண்டு பறந்தான். குட்டி இவரைத் துரத்த விட்டாள். இவர் ஓடினார் பாருங்கள்! பொடியனை எட்டிப் பிடித்தார், தாண்டினார், பந்தைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார்.

“அப்பா ராக்கெட்!” குட்டி சோபாவில் ஏறிக் குதித்தாள்.

இவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

“என் மார்க்கைக் காட்டும்மா” என்றார்.

வேகம் அறுபத்தெட்டு.

எனக்கு வந்ததே சந்தோஷம்! அப்பாடா, இத்தனை வருடத்துக்குப் பிறகு ஜட்ஜ் ஐயாவுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். இவரோ என் பக்கம் திரும்பி, “நீ கேட்டியா?” என்றார்.

“சத்தியமா இல்லங்க. இருந்த கவலையில இந்த வருஷம் நான் எதுவுமே கேக்கல.”

“அதான்.”

“என்ன அதான்?”

“கேட்டப்பல்லாம் ஒரு மார்க் குடுக்காதவன், கேக்காமலே இவ்வளவு குடுத்திருக்கான். என் ஒவ்வொரு மேட்சையும் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். அவனே பாவம் பார்த்துட்டான்னா, நான் எந்த நிலைமையில இருக்கேன்?”

குட்டிக்குப் புரியவில்லை. “நல்லாத்தானேப்பா ஓடறீங்க?” என்றாள்.

“மூஞ்சி என்னுதுதாம்மா. கால் வேற யாருதோ” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். வருடா வருடம் மார்க் குறைந்ததற்குத்தான் சண்டை. கூடியதற்கு இப்படிப் படுத்துக்கொள்வார் என்று யார் கண்டது?

மறுநாள் வேலையில் அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அன்று ஒரு வேன் டிரைவர் வந்தார். “பவரைக் கொஞ்சம் கம்மியா எழுதுங்கம்மா, வயசாயிடுச்சுன்னு தோணக்கூடாது” என்றார். “கம்மியா எழுதித் தரேன், நீங்க எதுலயாவது போய் முட்டுங்க” என்று அவரிடம் சீறினேன். சீறிய பிறகுதான், பதினோரு வருடமாக நான் தம்பியிடம் கேட்டதும் இதுதானே என்று உறைத்தது. அன்று மாலை முழுக்க எனக்கு என் மேலேயே எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். தலையில் தொப்பி இல்லை. வாசலிலேயே அவன் முகம் சரியில்லை என்று தெரிந்தது. இவர் சுற்றி வளைக்கவில்லை.

“மாப்ளே, உண்மையான மார்க் எவ்வளவு?”

“எதுக்கு மாமா இப்ப…”

“சொல்றா.”

தம்பி தரையைப் பார்த்தான். “முப்பத்து நாலு.”

நான் வாயைத் திறந்தேன். இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“திரும்பி ஏறுமா?”

“ஏறாது மாமா. பெஞ்சுலேர்ந்து திரும்பி வந்த நாலு மேட்சையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த முட்டி இனிமே வளைஞ்சு குடுக்காது. எழுதி வெச்சுட்டேன். அனுப்பறப்ப கை வரல. முதல்முறையா உங்க மூஞ்சி வரப்போகுது. அதோட முப்பத்து நாலுன்னு போட எனக்கு மனசு வரல.” லிஃப்ட் கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவன், அவ்வளவு பெரிய ஆம்பிளை, மூக்கை உறிஞ்சினான்.

“போடா முட்டாள்” என்றார் இவர். அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். “மூணு மாசமா ஊரே என் முதுகைத் தட்டுது. எனக்கு உண்மையைச் சொல்றதுக்குன்னு இருந்தது நீ ஒருத்தன்தான். நீயும் தட்டிக் குடுத்தா நான் யாருகிட்ட போவேன்? சரியானதை அனுப்பு.”

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். தம்பி தட்டில் குழம்பை நிறைய ஊற்றினேன். உப்பு கம்மி என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். எனக்கு உயிர் வந்தது.

திங்கட்கிழமை இவர் கிளப்புக்குப் போனார். மேனேஜர் பார்த்துச் சொல்வதற்குள் இவரே சொல்லிவிட்டு வந்தார், இனி ஆடப்போவதில்லை என்று. ஷூவையும் துண்டையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்தார். அழுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் அசந்து தூங்கினார். பல வாரத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம்.

கேமின் அடுத்த அப்டேட்டில் மார்க் திருத்தி வந்தது. குட்டிக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

“மாமா, அப்பாவை என்ன பண்ணீங்க? ஆமை மாதிரி போறாரு!”

“உங்கப்பா அப்படித்தான் கண்ணு” என்றான் ஜட்ஜ் ஐயா. தொப்பி பழையபடி தலைக்கு வந்திருந்தது.

முதல் மேட்சில் துரத்த விட்டாள், பொடியன் போய்க் கோல் அடித்தான். “ஓடுங்கப்பா!” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஜ அப்பா காலை மடக்கிக்கொண்டார். அடுத்ததிலும் தோல்வி. அதற்கடுத்ததிலும். வேறு டிஃபென்டரை இறக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள், காது பெரிதாக இருக்கிற ஆள்தான் வேண்டும் என்றாள். பிடிவாதத்தில் என்னைக் கொண்டு பிறந்தவள்.

பிறகு கத்துவதை நிறுத்திவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு ஏதோ யோசனையில் ஆடினாள். பொடியன் மறுபடி பறந்தான். குட்டி துரத்த விடவில்லை. இவரை இரண்டு அடி பின்னால் எடுத்து, கொஞ்சம் இடது பக்கம் ஒதுக்கி, நிறுத்தினாள். பொடியன் தலை நிமிர்ந்தபோது அவன் போக வேண்டிய வழியில் பெரிய காதுகளோடு இவர் நின்றிருந்தார். பந்து தானாக வந்து காலில் முட்டியது.

குட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“அப்பா, நீங்க ஓடவே இல்லப்பா. அவன் வர்றதுக்கு முன்னாடியே அங்க நிக்கறீங்க!”

இவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

“இன்னொரு மேட்ச் போடும்மா” என்றார். “கிளப்புல வீடியோ போட்டா கோல் விழுந்ததை மட்டும்தான் காட்டுவாங்க. இப்படி விழாம நின்னதையெல்லாம் நான் பார்த்ததே இல்ல.”