கறுப்புக் கோட்டுக்குக் கீழே

இராசாத்தி தன் தையல் மெசினை ஆற்றங்கரையில் புதைத்ததற்குக் காரணம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊர் ஓடத் தொடங்கியபோது எல்லோரும் அடுப்படியிலும் மரத்தடியிலும் பொருட்களைப் புதைத்தார்கள். கொள்ளையடிக்க வருகிறவனும் அங்கேதான் முதலில் தோண்டுவான். அவள் கைமெசினுக்குத் தேங்காயெண்ணெய் பூசி, யூரியாப் பைகளால் சுற்றி, ஆற்றின் கரை விளிம்பிலிருந்து ஒரு பாய் நீளம் உள்ளே தள்ளிப் புதைத்தாள். அடையாளம் வேண்டாமா என்று கேட்ட கணவன் இளையதம்பியிடம், "ஆறுதான் அடையாளம். அத ஆரு களவெடுக்கப் போறான்?" என்றாள்.

மூன்று மாரி கழிந்து திரும்பி வந்தபோது, வெல்லாவெளிக்கு அப்பால் இருந்த அவர்களுடைய வீட்டு வளவில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. வீடு எரிந்து, மண்சுவர் மழையில் கரைந்து போயிருந்தது. வேலியில்லை, தென்னையில்லை. பற்றை மண்டிக் கிடந்தது. ஆறு மட்டும் வழக்கம்போல வளைந்து வாவியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

கரை விளிம்பிலிருந்து ஒரு பாய் நீளத்தில் இளையதம்பி தோண்டினான். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் தள்ளியும் தோண்டினான். வீடு கட்ட மணல் எடுப்பதாகப் பாலத்து இராணுவக் காவலரணில் சொல்லி வைத்திருந்ததால் யாரும் வந்து விசாரிக்கவில்லை. மணல்தான் குவிந்தது.

அடுத்த வளவில் குடிசை போட்டிருந்த இராசாத்தியின் அக்கா சின்னத்தங்கம் வந்து குழிகளைப் பார்த்தாள்.

"ஆத்த அடையாளம் வெச்சவள் உலகத்துல நீ ஒருத்திதான்டி. அது எப்பவோ இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். நாளைக்கு மட்டக்களப்புக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குப் படம் எடு. ஏஜென்சிக்காரன் எத்தின தரம் கேட்டுட்டான்."

சவூதியில் வீட்டு வேலை. உழ மாடில்லாமல் வயல் தரிசாகக் கிடந்தது. மெசின் இருந்தால் தைத்துச் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் அகதி முகாமில் பிறந்த மகளை, தன் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளையை, அக்காவிடம் விட்டுவிட்டு இராசாத்தி விமானம் ஏறவேண்டும்.

அவள் குடத்தோடு ஆற்றில் இறங்கினாள். எதிர்க்கரையில் பெரிய மருதமரம் நின்றது. முன்பெல்லாம் மாடுகள் அதன் நிழலில் படுத்திருக்கும். அந்த நிழல் தண்ணீரைத் தொட்டதேயில்லை. இப்போது அதன் வேர்களில் பாதி ஆற்றுக்கு மேலே தொங்கின. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையிலிருந்து ஒரு கட்டி மண் பெயர்ந்து விழுந்தது. தண்ணீர் கொஞ்ச நேரம் கலங்கி ஓடித் தெளிந்தது.

அந்தப் பக்கம் எப்போதும் ஆழம், இழுப்பு. இந்தப் பக்கம் எப்போதும் மணல். குழந்தைகூட நின்று குளிக்கலாம். வளைவில் ஆறு அங்கே கரையைக் கடிக்கிறது. இங்கே வேகம் குறைந்து, மேலிருந்து சுமந்து வந்ததைப் போட்டுவிட்டுப் போகிறது.

அவள் குடத்தை வைத்துவிட்டு ஏறி வந்தாள்.

"இஞ்ச பாருங்க, நாம தண்ணிக்குக் கிட்டத் தேடுறம். தண்ணி அங்கால போயிட்டு."

"ஆறு நடந்து போகுமா புள்ள?"

"அப்ப அந்த மரம் நடந்து வந்ததா?"

இளையதம்பி மரத்தைப் பார்த்தான். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு முதுகைக் காட்டி நடந்தான்.

நாணல் முளைத்திருந்த மேட்டில் தோண்டினார்கள். மேலே பருமணல். அதன் கீழ் மாப்போன்ற வண்டல். மறுபடி மணல், மறுபடி வண்டல். அவர்கள் இல்லாத ஒவ்வொரு மாரியும் பாய் விரித்ததுபோல அடுக்கடுக்காகக் கிடந்தது. இடுப்பளவு ஆழத்தில் மண் சிவந்தது. இளையதம்பி ஒரு பிடி எடுத்துக் கசக்கினான். வைக்கோல் துணுக்குகள் ஒட்டின.

"இது நம்மட சுவர்," என்றான். "நான் மிதிச்சுக் குழைச்ச மண்."

சுவருக்கும் கீழே, நூல் பிடித்ததுபோல, ஒரு கறுப்புக் கோடு. இராசாத்தி நகத்தால் சுரண்டினாள். விரலில் கரி. கூரை எரிந்த சாம்பலை முதல் மழை இங்கே கொண்டுவந்து படிய வைத்திருந்தது.

"இதுக்குக் கீழதான் நாம ஓடின நாள்," என்றாள் அவள். "ஆழமாக்காதீங்க. கோட்டோட போங்க. எவடத்த மண் குழம்பிக் கிடக்குதோ அவடத்த நான் தோண்டியிருப்பன்."

கோட்டைத் தொடர்ந்து குழியை அகலமாக்கினான். ஓரிடத்தில் கறுப்புக்குக் கீழே அடுக்கே இல்லை. வெள்ளையும் பழுப்பும் தாறுமாறாகக் கிடந்தன. அங்கே மண்வெட்டி இரும்பில் பட்டது.

பை கிழிந்திருந்தது. மெசினின் சக்கரம் அசையவில்லை.

சின்னத்தங்கம் பிள்ளையை இடுப்பில் ஏந்தி வந்தாள். "துருவேறின இரும்ப வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? காலையில படம் எடுக்க வெளிக்கிடு."

இராசாத்தி மண்ணெண்ணெய் ஊற்றினாள். இடுக்குகளிலிருந்து வண்டல் சேறாக வழிந்தது. துடைத்தாள், தட்டினாள், மறுபடி ஊற்றினாள். வெயில் சாயும் நேரத்தில் சக்கரம் கால்வாசி திரும்பி நின்றது. இன்னும் ஊற்றினாள். ஒரு முழுச் சுற்று சுற்றியது. வளைந்துபோன ஊசி மேலேறிக் கீழிறங்கியது.

"நான் போகல்லக்கா."

"ஏஜென்சிக்காரனுக்கு நான் என்ன சொல்றது?"

"ஆறு விடல்லயாம் எண்டு சொல்லுங்க மச்சாள்," என்றான் இளையதம்பி.

"உங்களக் கேட்டனா?" என்று சின்னத்தங்கம் சினந்தாள். குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை கறுப்புக் கோட்டில் நின்றது. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"மூடிப் போடுங்க," என்றாள். "புள்ள விழுந்திரும்."

இளையதம்பி மண்ணைத் தள்ளினான். மணலும் வண்டலும் சுவரும் கரியும் ஒன்றாகக் கலந்து உள்ளே விழுந்தன.