நேராக வீட்டுக்கு

"ஷூ வேண்டாம்" என்று பெர்பெத்துவா கையை நீட்டித் தடுத்தாள்.

கறுப்புக் கோட்டு அணிந்த இளைஞன், லூதிவினாவின் பழுப்புத் தோல் காலணிகளோடு சவப்பெட்டியின் கால்மாட்டில் குனிந்தவன், அப்படியே நின்றான்.

"குடும்பத்துலேர்ந்து குடுத்ததுதான் மதாம்."

"தெரியாம குடுத்திருப்பாங்க தம்பி. எங்க ஊர்ல போறவங்களுக்கு ஷூ போடமாட்டோம். போட்டா, அப்புறம் வீட்டுக்கு வந்து நடமாடும்போது சத்தம் கேக்கும். இருக்கிறவங்க பயந்துக்குவாங்க."

இறந்தவர்களோடு வேலை பார்ப்பவன் அவன். இதைவிட விசித்திரமானதையெல்லாம் கேட்டிருப்பான். தலையைத் தாழ்த்தி, காலணிகளைக் காகிதப் பையில் போட்டு ரிசலினிடம் கொடுத்தான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். காலணியைக் கொடுத்தனுப்பியது அவள்தான். லூதிவினாவின் தங்கைக்குத் தெரிந்திருக்க வேண்டிய வழக்கம். இருபத்துமூன்று வயதில் அவள் பார்க்கும் முதல் சாவு இது.

பாரிசின் அந்த இறுதிச்சடங்கு நிலையத்தில் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை அந்தச் சின்ன அறை அவர்களுக்கு. மறுநாள் காலை பெட்டி சொந்த ஊரான இலோயிலோவுக்கு விமானம் ஏறுகிறது; ரிசலினும் கூடவே போகிறாள். அங்கே அம்மா காத்திருக்கிறாள். இங்கே இருப்பது அரை நாள் விடுப்பு கேட்டு வந்த ஏழெட்டுப் பெண்கள். எல்லோரும் பிலிப்பைன்ஸ்காரிகள். எல்லோரும் யாருடைய வீட்டிலோ துணி தேய்ப்பவர்கள், பிள்ளை பார்ப்பவர்கள்.

"நம்ம லூதிக்கு லிப்ஸ்டிக் போட்டு விட்டிருக்காங்க பாருங்கடி" என்றாள் டெல்மா. "உசுரோட இருக்கும்போது நான் எத்தன தடவ கெஞ்சியிருப்பேன். 'யாருக்குடி காட்ட, இஸ்திரிப் பெட்டிக்கா?'ம்பா."

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு முடிகிற இடத்தில் இரண்டு பேர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு செபமாலை தொடங்கியது. பெர்பெத்துவா சொல்ல, மற்றவர்கள் பதில் சொன்னார்கள். ரிசலினின் உதடுகளும் அசைந்தன.

ஒவ்வொருத்தியும் எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். ஒவ்வொருத்தியும் அதையே சொன்னாள்.

"மனசப் போட்டு அலட்டிக்காத பொண்ணே. நீ வேலையில இருந்த. நீ என்ன பண்ணுவ?"

பொய் சொல்வது கஷ்டமில்லை. சொன்ன பொய்க்கு வருகிற ஆறுதலை வாங்கிக்கொள்வதுதான் கஷ்டம்.

போன சனிக்கிழமை இரவு ரிசலின் அக்காவிடம் போனில் சொல்லியிருந்தாள்: "நாளைக்கு வர முடியாதுக்கா. வீட்டுல விருந்தாளிங்க. மதாம் இருக்கச் சொல்லிட்டாங்க."

"ஞாயித்துக்கிழமை கூடவா? சரி விடு. சாப்பிட்டியா?"

அவ்வளவுதான் பேச்சு. விருந்தாளி யாரும் இல்லை. பாரிசை அடுத்த வெசினேயில் அவள் தங்கி வேலை பார்க்கும் வீட்டில் மதாம் லகோம்ப் ஒரு நாளும் ஞாயிற்றுக்கிழமை அவளை இருக்கச் சொன்னதில்லை. வாரத்தில் ஆறு நாள் சின்னவள் அப்போலினை எழுப்பி, தலை பின்னி, பள்ளிக்கூட வாசலில் விட்டு, நாலரை மணிக்கு ரொட்டியும் சாக்லேட்டுமாய்ப் போய் நின்று கூட்டி வருவாள். ஏழாம் நாள் அக்காவுக்கு. அந்த வேலையைத் தேடிக் கொடுத்ததே அக்காதான். ஒரு வருடமாக ஞாயிறு தவறாமல் அதே கோவில், பூசை முடிந்ததும் அதே பூங்கா, அதே பெஞ்சு, அக்கா கொண்டுவரும் அதே சாப்பாட்டு டப்பா, டெல்மாவின் அதே வம்பு. அக்கா காலணியைக் கழற்றி, வீங்கிய பாதங்களைப் புல்லில் வைத்து, "அப்பாடா" என்பாள். ஒவ்வொரு வாரமும் அதே அப்பாடா.

த்ரூவில் என்ற கடலோர ஊருக்குப் போகலாம் என்று தோழி, பிரேசில்காரி தைஸ் கூப்பிட்டபோது ரிசலினுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. 'உன் பெஞ்சு எனக்கு அலுத்துவிட்டது' என்று எப்படிச் சொல்வது? கடலில் குளித்தாள். மணலில் படுத்து வறுத்த உருளைக்கிழங்கு தின்றாள். அக்கா வீடியோவில் கூப்பிட்டால் அலை தெரிந்துவிடுமே என்று போனைத் துவாலைக்குள் சுருட்டிப் பையின் அடியில் வைத்திருந்தாள். திரும்பும் ரயிலில்தான் எடுத்துப் பார்த்தாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்புகள்.

தலைமுடியில் உப்போடு மருத்துவமனைக்குப் போய் நின்றாள்.

இதயம் என்றார்கள். வெசினே ரயில் நிலையத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்து இறந்திருக்கிறாள். பெயர் தெரியாத யாரோ தன் கம்பளிச் சட்டையை மடித்து அவள் தலைக்குக் கீழே வைத்து, உதவி வரும் வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்து, சட்டையைத் திரும்பக் கேட்காமலே போயிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்று டெல்மா இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அன்னிக்கு பூசை முடிஞ்சதும் லூதி பெஞ்சுக்கே வரல. 'இன்டாய் பட்டினியா வேல செய்வா, குடுத்துட்டு வந்துடறேன்'னு டப்பாவத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா. உன்கிட்டதானே வந்தா? பாத்தியா அவள?"

இன்டாய் என்பது ஊரில் வீட்டுக்கு இளைய பெண்ணைக் கூப்பிடுகிற பெயர். அக்காவைத் தவிர இங்கே யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"இல்லக்கா. பாக்கல."

"ஐயோ பாவமே. வாசல் வர வந்து, உன்னப் பாக்காமலே…"

ரிசலின் காகிதப் பையின் வாயை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். அக்கா உட்கார்ந்திருந்த பெஞ்சு பாரிஸ் திரும்பும் பக்கத்து நடைமேடையில் இருந்தது. அப்படியென்றால் வந்து, மணியடித்து, கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பியிருக்கிறாள். மூன்று நாளாக ரிசலின் மதாமிடம் ஒன்றும் கேட்கவில்லை. மதாமும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் இருவரும் ஒரே சமையலறையில் காப்பி ஊற்றிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் குடித்தார்கள்.

ஐந்து மணிக்கு மேல் கதவு திறந்தது. மதாம் லகோம்ப் நின்றாள். கையில் ஒரு நீலப் பை.

ரிசலின் எழுந்து நின்றாள். அறையில் உள்ள அத்தனை பேருக்கும் பிரெஞ்சு தெரியும். மதாம் வாயைத் திறந்தால் போதும், பொய் உடைந்துவிடும்.

மதாம் பெட்டியருகே போய்ச் சிறிது நேரம் நின்றாள். சிலுவை போடத் தொடங்கி, வழக்கம் விட்டுப்போனவள் போலப் பாதியில் கையை இறக்கினாள். பிறகு ரிசலினின் முழங்கையைத் தொட்டு, "கொஞ்சம் வெளிய வர்றியா?" என்றாள்.

தாழ்வாரத்தில் ஒரு செயற்கைச் செடி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மதாம் பேசினாள்.

"நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல. ஞாயித்துக்கிழமை உன் அக்கா வீட்டுக்கு வந்தா."

"தெரியும் மதாம்."

"நான்தான் கதவத் திறந்தேன். 'ரிசலின் இல்லியே, த்ரூவில் போயிருக்கா, கடலுக்கு'ன்னு சொல்லிட்டேன். நீ அவகிட்ட சொல்லலன்னு எனக்கெப்படித் தெரியும்? அவ முகத்தப் பாத்ததும்தான் தெரிஞ்சுது. அப்புறம் நெத்தியில தட்டிக்கிட்டு சிரிச்சா. 'ஆமா ஆமா, சொன்னாளே. நான்தான் மறந்துட்டேன். வயசாகுதில்ல'ன்னா."

ரிசலின் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு சங்கடமாப் போச்சு. 'சின்னப் பொண்ணு, கோவிச்சுக்காதீங்க'ன்னேன். 'கோவமா? தீவுல பொறந்தவ மதாம். கடலப் பாக்காம எத்தன நாள் இருப்பா? நல்லதுதான்'னு என்கிட்டயே உனக்குப் பரிஞ்சு பேசினா. உள்ள வந்து உக்காரச் சொன்னேன். மாட்டேன்னுட்டா. தண்ணி மட்டும் கேட்டா. வாசல்ல நின்னே குடிச்சா." மதாம் செடியின் ஒரு இலையைத் தடவினாள். "அப்பவே முகம் வெளிறித்தான் இருந்துது. வெயில்னு நெனச்சேன். கையப் பிடிச்சு உக்கார வச்சிருக்கணும். நான் அத சொல்லாம இருந்திருக்கணும்."

இந்த அம்மாளும் இதே மூன்று நாளாக இதே சுமையைத் தூக்கிக்கொண்டுதான் எதிரில் காப்பி குடித்திருக்கிறாள். ரிசலினுக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க உள்ளதத்தானே சொன்னீங்க மதாம்" என்றாள். "தண்ணி குடுத்தீங்க. அது போதும்."

மதாம் நீலப் பையை நீட்டினாள். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அக்காவின் மஞ்சள் மூடி டப்பா, கல்லாய் உறைந்து.

"'கடல் காத்து பசிக்கும், வந்ததும் சூடு பண்ணிக் குடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனா. அன்னிக்கு நடந்த களேபரத்துல மறந்துட்டேன். மறுநாள் பாத்தேன். கொட்ட மனசு வரல. பிரீசர்ல வச்சிட்டேன். செஞ்சது சரியா தப்பா தெரியல."

"சரிதான் மதாம்."

மதாம் அவளை அணைத்துக்கொள்ள வந்து, என்ன நினைத்தாளோ, அவள் கையிலிருந்த காகிதப் பையை மட்டும் சரியாகப் பிடிக்க வைத்துவிட்டுப் போனாள்.

ஆறு மணிக்குக் கறுப்புக் கோட்டு இளைஞன் வந்தான். மூடியை வைக்குமுன் ரிசலின் குனிந்தாள். கண்ணீர் அக்கா மேல் விழக்கூடாது என்று பெர்பெத்துவா கைக்குட்டையை அவள் முகத்துக்குக் கீழே ஏந்திப் பிடித்தாள். விழுந்தால் போகிறவளுக்குப் பாரமாம். அக்காவின் பாதங்கள் வெள்ளைத் துணியின் அடியில் தெரிந்தன. வீக்கம் வடிந்திருந்தது.

வெளியே ஜூன் மாத வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருவோர மேசைகளில் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போறோம்? மூலைக் கடையா, ஸ்டேஷன் எதிர்க் கடையா?" என்று டெல்மா கேட்டாள். சாவு வீட்டிலிருந்து யாரும் நேராகத் தன் வீட்டுக்குப் போவதில்லை. வழியில் எங்காவது உட்கார்ந்து, எதையாவது குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் இறந்தவர் பின்னாலேயே வந்துவிடுவார் என்பது ஊர் நம்பிக்கை. "நேரா போனா லூதி என் கூடவே வந்துடுவா. என் அறையில இடமேது? நானே கால மடக்கித்தான் படுக்கறேன். பாவம், அவளுக்கு முழங்கால் வேற மடங்காது."

மறுபடியும் சிரிப்பு. பெண்கள் மூலைக் கடையை நோக்கி நடந்தார்கள். பெர்பெத்துவா ரிசலினுக்காக நின்றாள்.

"வா பொண்ணே. ஒரு வாய் காப்பி குடி. நீ ஒண்ணும் செய்யல. வேலையில இருந்தவ…"

"வேலையில இல்லக்கா."

பெர்பெத்துவா திரும்பிப் பார்த்தாள்.

"கடலுக்குப் போயிருந்தேன். அக்காகிட்ட பொய் சொல்லிட்டுப் போனேன். எனக்குச் சோறு குடுக்கத்தான் அவ அவ்வளவு தூரம் வந்தா."

ஒரு பேருந்து வந்து நின்று, போயிற்று. பெர்பெத்துவா எட்டி, ரிசலினின் மேல்சட்டையில் திறந்திருந்த பொத்தானைப் போட்டுவிட்டாள். அதற்குக் கீழே இருந்ததையும் போட்டாள்.

"நான் காப்பிக்கு வரல" என்றாள் ரிசலின். "நான் நேரா வீட்டுக்குப் போறேன். அக்கா ரூமுக்கு."

'கூடாது' என்று சொல்லத்தான் பெர்பெத்துவா வாயைத் திறந்தாள். பிறகு அந்தப் பெண்ணின் ஒரு கையில் இருந்த காகிதப் பையையும் மறு கையில் இருந்த நீலப் பையையும் பார்த்தாள்.

"சரி" என்றாள். "மெதுவா போ. முழங்கால் வலிக்காரி அவ."

மெட்ரோ வாயிலில் ரிசலின் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தேவைக்கு மேல் நின்றாள். பின்னால் வந்த ஒரு கிழவர் "நன்றிம்மா" என்று நுழைந்து போனார். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டியில் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, பைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கை, அக்கா குடியிருந்த பஸ்ஸி வரை, காலியாகவே வந்தது.

அக்கா வேலை பார்த்த கட்டடத்தில் முதலாளிகளுக்குக் கம்பளம் விரித்த படியும் மின்தூக்கியும் உண்டு. வேலைக்காரர்களுக்குப் பின்கட்டு மரப்படி. அக்காவின் அறை ஆறாவது மாடியில், கூரைக்குக் கீழே. படிக்கட்டில் ஜன்னல் கிடையாது, பகலிலும் இருட்டு. சுவரில் உள்ள பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். இளம் கால்களுக்கு அந்த நேரம் போதும். அக்காவுக்கு ஒரு நாளும் போதியதில்லை. "பாதி வழியில விட்டுடுதுடி இந்த விளக்கு" என்று சிரிப்பாள்.

ரிசலின் ஒவ்வொரு படியாக ஏறினாள். ஒவ்வொரு தளத்திலும் நின்றாள். நாலாவது மாடியில், அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கும் இடத்தில், நெடுநேரம் நின்றாள். விளக்கு அணைந்தது. அழுத்தினாள். அவசரமில்லை.

அறைக் கதவைத் திறந்தாள். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு அது. காகிதப் பையிலிருந்து காலணிகளை எடுத்துக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்தாள். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒருவர் நிற்கத்தான் இடம். டப்பாவை வெந்நீரில் நனைத்து, கட்டியாய்ப் பெயர்ந்து வந்த சாற்றைச் சட்டியில் போட்டு, சின்னத் தீயில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஓரம் இளகி, புளியும் கீரையும் மணத்தன.

வெளியே 'க்ளிக்' என்று படிக்கட்டு விளக்கு அணைந்தது.

அவள் கரண்டியை வைத்துவிட்டுப் போய், பொத்தானை மறுபடி அழுத்திவிட்டு வந்தாள்.