எட்டாத இடத்து அம்மன்

முதுகு அரிக்கத் தொடங்கியபோது ஜெகந்நாதன் கவசத்துக்குள் இருந்தார். இரண்டு எண்ணெய் டின்களை வெட்டி, மார்புக்கொன்றும் முதுகுக்கொன்றுமாக வைத்து, தகரக் கடை அப்துல் கனி தன் கடையிலேயே கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார். டின்னில் இன்னும் கடலையெண்ணெய் வாசம் போகவில்லை. வெளியே சித்திரை வெயில்.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்தது. உத்திரமேரூர் பள்ளியில் சரித்திரம் நடத்தும் ஜெகந்நாதன், எங்குமே இல்லாத ஒரு நாட்டின் கவசக் குதிரைப்படையைப் பற்றி மாதப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதிவந்தார். படைக்குப் பன்னிரண்டு தெய்வங்கள், நூற்றெட்டு மந்திரங்கள், குதிரைகளுக்கென்று தனி ஏகாதசி. 'உங்கள் வீரர்கள் ஓயாமல் சாமி கும்பிடுகிறார்கள். ஒருவருக்காவது உயிர் இருப்பதாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் உயிருள்ள அத்தியாயம் வராவிட்டால் தொடரை நிறுத்திவிடுவோம்' என்று ஆசிரியர் எழுதியிருந்தார். இன்று புதன். கவசத்தைப் போட்டுப் பார்த்தால் உயிர் தானாக வந்துவிடும் என்பது ஜெகந்நாதனின் கணக்கு.

கண்ணை மூடி, 'அண்டம் நடுங்க வரும் அசுவநாயகியே' என்று ஆரம்பித்தார். அப்போதுதான் அரித்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். மேல்வழியாகக் கைவிட்டார், கீழ்வழியாக விட்டார், தூணில் தேய்த்தார். தகரம் கிறீச்சிட்டது. அண்டம் நடுங்கவில்லை, தெருவில் போன ஆடு ஒன்று திரும்பிப் பார்த்தது.

"பாய், கம்பிய அவுத்து விடுங்க."

"இறுகிக்கீது சார். வெட்டத்தான் வேணும். தம்பி கட்டர எடுத்துக்கினு மானாம்பதிக்குப் போயிட்டான். சாயந்திரம்தான் வருவான்."

"அரிக்குது பாய்."

அப்துல் கனி இரும்பு ஸ்கேலை எடுத்துக் கழுத்துவழியாக உள்ளே விட்டார். இன்னும் கீழே, கொஞ்சம் இடது பக்கம் என்று வழிசொல்லிக்கொண்டே வந்த ஜெகந்நாதனின் முகத்தில், பன்னிரண்டு தெய்வங்களும் சேர்ந்து தராத தெளிவு பரவியது.

"குதிரை மேல குந்திக்கினு கீறவனுக்கு அரிச்சா இன்னா சார் பண்ணுவான்?" என்றார் கனி. "முன்னாடியே ஒருத்தன நம்பி வெச்சிக்கினு இருக்கணும். கண்டவன் கைல முதுகக் குடுக்க முடியுமா?"

ஜெகந்நாதன் காகிதம் கேட்டார். பன்னிரண்டு தெய்வங்களின் பெயரையும் எழுதி ஒரே கோட்டில் அடித்தார். அவர்கள் இடத்தில் புதிதாக ஒருத்தி வந்தாள், எட்டாத இடத்து அம்மன். சிலையில் அவளுக்கு முகம் கிடையாது, முதுகு மட்டும்தான். போருக்கு முன் ஒவ்வொரு வீரனும் பக்கத்துக் குதிரைக்காரனின் கவசத்துக்குள் வேப்பங்குச்சி விட்டுச் சொறிய வேண்டும். அப்படிச் சொறிந்துவிட்டவனைக் களத்தில் விட்டு ஓடுகிறவனுக்கு ஏழு தலைமுறை அரிக்கும்.

"கொஞ்சம் மேல, பாய்" என்றபடி எழுதிக்கொண்டே போனார்.

ஓட்டைப் பக்கெட்டுக்கு அடி போட வந்த பவளம், தகரம் கட்டிக்கொண்டு எழுதும் வாத்தியாரையும் பின்னால் ஸ்கேலோடு நிற்கும் பாயையும் பார்த்தாள். செருப்பை வாசலிலேயே கழற்றி விட்டுவிட்டு, பக்கெட்டை மார்போடு அணைத்தபடி ஓரமாக நின்றாள்.